பில்ஸ் இந்த முறையும் ஒரு மூத்த ரிசீவரை டிரேடில் வாங்க வேண்டுமா?

ஆர்ச்சர்ட்பார்க்_அப்பா (அக்டோபர் 2025, பை வாரம்)

என்எஃப்எல் அமெரிக்க ஃபுட்பாலில் நம் பில்ஸ் அணி அட்லாண்டாவில் திங்கள் இரவு 24-14 என்று தோற்றதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தோம், அப்புறம் இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். இந்த வாரம் நமக்கு ஓய்வு. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் டெட்லைன் நவம்பர் 4. ஆற அமர யோசிக்க இதைவிட நல்ல வாரம் கிடைக்காது என்பதால் கேட்கிறேன். பஃபலோ பில்ஸ் ஒரு அனுபவமுள்ள வைட் ரிசீவரை (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவரை) டிரேடில் கொண்டுவர வேண்டுமா?

என் மனதில் இருப்பவர் ரெய்டர்ஸ் அணியின் ஜகோபி மேயர்ஸ். போன சீசனில் 87 கேட்ச், 1,027 யார்டு. ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. என்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஆகஸ்டிலேயே கேட்டவர். அடுத்த மாதம் 29 வயது ஆகிறது. ஓடி எல்லோரையும் முந்துகிற ஆள் இல்லை. ஆனால் மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஏழு யார்டு வேண்டும் என்றால் எட்டாவது யார்டில் திரும்பி நிற்பார், பந்து கைக்கு வந்தால் கீழே விழாது. அந்த மாதிரி ஒரு ஆள் நமக்கு இன்று இல்லை என்பது என் எண்ணம்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 5 ஞாயிறு இரவு, நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு என் மகனோடு போயிருந்தேன். அவனுக்குப் பதிமூன்று வயது. போட்டிருந்தது ஸ்டெஃபான் டிக்ஸின் 14-ஆம் எண் ஜெர்சி. 2020-இல் அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, வளர்கிற பையன் என்று பெரிய அளவாகப் பார்த்து வாங்கியது. இந்த வருடம்தான் உடம்புக்குச் சரியாக நிற்கிறது. அந்த இரவு டிக்ஸ் எதிர் அணியில் 8-ஆம் எண் போட்டுக்கொண்டு வந்து 10 கேட்ச், 146 யார்டு எடுத்தார். கடைசி வினாடிகளில் அவர்கள் 52 யார்டு ஃபீல்டு கோல் அடித்து 23-20 என்று ஜெயித்தார்கள். பாதி ஆட்டத்திலேயே பையன் ஜெர்சியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வண்டியில் வரும்போது ஒரே கேள்விதான் கேட்டான்: "அவரை ஏன்ப்பா விட்டோம்?"

நாங்கள் உட்காருவது மேல் அடுக்கில். தொலைக்காட்சியில் நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜாஷ் ஆலன் பந்தை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுவது மட்டும்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் அவர் ஏன் ஓடுகிறார் என்பது தெரியும். நம் ரிசீவர்கள், ஆளுக்கு ஒரு தடுப்பாளர் ஒட்டிக்கொள்கிற மேன் கவரேஜில் மாட்டி, திரும்பவும் இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். கலீல் ஷாகிர் ஸ்லாட்டில் (உள்பக்க ரிசீவராக) ஒரு முழு ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெளிப்பக்கம்? கீயான் கோல்மன் முதல் வாரம் பால்டிமோரை 41-40 என்று வீழ்த்திய ஆட்டத்தில் 112 யார்டு எடுத்தார். அந்த இரவு இவன் வந்துவிட்டான் என்று நானே எழுந்து நின்று கத்தினேன். அதன் பிறகு ஒரு ஆட்டத்திலும் அவர் நூறைத் தொடவில்லை. ஜாஷுவா பாமர் அட்லாண்டாவில் காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார். டால்டன் கின்கேட் அந்த ஆட்டத்தில் ஆடவே இல்லை.

போன வருடம் இதே அக்டோபரில் அமாரி கூப்பரை வாங்கினோம், அது எப்படி முடிந்தது என்று எனக்கும் நினைவிருக்கிறது. அப்படியும் கேட்கிறேன். மேயர்ஸுக்கு ஒரு மூன்றாம் சுற்று பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு தேர்வு உரிமை) கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நான்காம்_டவுன்

வேண்டாம் அண்ணா. உங்கள் மகன் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வருகிறேன், ஏனென்றால் அதிலேயே பாதி விடை இருக்கிறது.

2020 மார்ச்சில் டிக்ஸை வாங்க மினசோட்டாவுக்கு முதல் சுற்று பிக்கும் அதற்கு மேல் வேறு பிக்குகளும் கொடுத்தோம். அந்த முதல் சுற்று பிக்கில் அவர்கள் எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. இரண்டு பக்கத்துக்கும் லாபமான டிரேடு என்று இதை எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். டிக்ஸ் இங்கே ஆடிய நான்கு சீசனிலும் நூறு கேட்சுக்கு மேல், ஆயிரம் யார்டுக்கு மேல். முதல் சீசனில் 127 கேட்ச், 1,535 யார்டு, இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம். ஆனால் அவர் வந்தது மார்ச்சில், 26 வயதில். ஆலனோடு பழக ஒரு கோடை முழுக்க இருந்தது.

நல்ல உதாரணம் என்று நாம் சொல்கிற டிரேடுகளை எடுத்துப் பாருங்கள். ராண்டி மாஸை 2007-இல் நான்காம் சுற்று பிக்குக்கு நியூ இங்கிலாந்து வாங்கியது, அவர் 23 டச்டவுன் (எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தோடு போய் எடுக்கும் புள்ளி) பிடித்தார். அது ஏப்ரலில். அன்குவான் போல்டினை 2013-இல் வெறும் ஆறாம் சுற்று பிக்குக்கு சான் பிரான்சிஸ்கோ வாங்கியது, அவர் 85 கேட்ச் எடுத்தார். அது மார்ச்சில். சீசன் நடுவில் வாங்கியவர்களைப் பார்த்தால் கதை வேறு. 2019-இல் முகமது சனுவுக்கு நியூ இங்கிலாந்து இரண்டாம் சுற்று பிக் கொடுத்தது. எட்டு ஆட்டத்தில் 26 கேட்ச், அடுத்த சீசன் தொடங்கும் முன் அனுப்பிவிட்டார்கள். 2018-இல் கோல்டன் டேட்டுக்கு ஃபிலடெல்ஃபியா மூன்றாம் சுற்று பிக் கொடுத்தது. சிகாகோவுக்கு எதிரான பிளேஆஃபில் ஜெயிக்கவைத்த டச்டவுன் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அவரை எங்கே நிறுத்துவது என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை.

கூப்பருக்கு வருவோம். மூன்றாம் சுற்று பிக்கும் ஒரு ஏழாம் சுற்று பிக்கும் போனது, அவரோடு ஒரு ஆறாம் சுற்று பிக் வந்தது. கிடைத்தது எட்டு ஆட்டம், 20 கேட்ச், 297 யார்டு, 2 டச்டவுன். வந்த வாரமே டென்னசிக்கு எதிராக ஒரு டச்டவுன் பிடித்தார், எல்லோரும் குதித்தோம். அப்புறம் மணிக்கட்டுக் காயம். ஜனவரியில் கான்சாஸ் சிட்டியில் 32-29 என்று தோற்ற இரவு நமக்காக டச்டவுன் பிடித்த ரிசீவர்கள் யார்? மேக் ஹாலின்ஸும் கர்டிஸ் சாமுவேலும். இரண்டு பேருமே டிராஃப்ட் பிக் எதுவும் செலவழிக்காமல், சம்பளம் மட்டும் கொடுத்துச் சேர்த்தவர்கள்.

இன்னொன்று. போன சீசனில் பில்ஸ் எடுத்தது 525 புள்ளி. அணியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அந்த அணியில் ஆயிரம் யார்டு எடுத்த ரிசீவர் ஒருவர்கூட இல்லை. முதலிடம் ஷாகிர், 821 யார்டு. பெரிய பெயர் இல்லாமலே இந்த ஆட்டமுறை ஓடும் என்று ஆலன் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருது வாங்கிக் காட்டிவிட்டார். இரண்டு தோல்வி வந்ததும் அதை மறக்கக் கூடாது.

---

ஆர்ச்சர்ட்பார்க்_அப்பா

தம்பி, கணக்கு எல்லாம் சரி. ஆனால் நீங்கள் விட்ட ஒரு உதாரணம் இருக்கிறது, அதுவும் இதே கூப்பர்தான்.

2018 அக்டோபரில் டாலஸ் அவரை ரெய்டர்ஸிடமிருந்து வாங்கியது, முதல் சுற்று பிக்குக்கு. அப்போது டாலஸ் 3 வெற்றி, 4 தோல்வி. ஏமாந்துவிட்டார்கள் என்று ஊரே சொன்னது. அவர் அங்கே ஒன்பது ஆட்டத்தில் 53 கேட்ச், 725 யார்டு, 6 டச்டவுன் எடுத்தார். அணி 10-6 என்று முடித்துப் பிளேஆஃபுக்குப் போனது. அதுவும் சீசன் நடுவில் நடந்ததுதானே? அன்று 24 வயது, நம்மிடம் வந்தபோது 30. ஆகவே "நடுவில் வாங்கினால் வேலைக்கு ஆகாது" என்பதைவிட, "எந்த வயதில், எந்த உடம்போடு வருகிறார்" என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன்.

கூப்பர் இங்கே ஒன்றுமே செய்யவில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். டிசம்பர் 1-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகப் பனியில் ஆடிய ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். கால் விரல் எல்லாம் மரத்துப் போயிருந்தது. கோல் கோட்டுக்குப் பக்கத்தில் கூப்பர் பந்தைப் பிடித்தார், இரண்டு பேர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிட்டார்கள். விழப்போகிறார் என்று நினைத்த நொடியில் பக்கத்தில் ஓடிவந்த ஆலனுக்கே பந்தைத் தட்டிவிட்டார். ஆலன் பாய்ந்து மூலைக் கம்பத்துக்குள் விழுந்தார். பாஸ் கொடுத்த டச்டவுனும் அவருக்கு, பிடித்த டச்டவுனும் அவருக்கு. பக்கத்து இருக்கையில் இருந்த எழுபது வயதுப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு தட்டலை நான் கூப்பருக்கு மறக்கவே மாட்டேன். இந்த செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்றார் என்று படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது.

---

ரோசெஸ்டர்_மீனா

இரண்டு பேரும் ஒன்றைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டீர்கள். வயது, விலை இவற்றைவிட முக்கியமானது, வருகிறவருக்கு நம் ஆட்டத்தின் மொழி தெரியுமா என்பதுதான்.

என் மகள் படிக்கும் பள்ளியில் பெண்கள் ஃப்ளாக் ஃபுட்பால் அணிக்கு நான் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். அது ரொம்பச் சின்ன ஆட்டம். ஆனால் ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் ஒத்துப் போவது என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்பேக் பெண், ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிட வேண்டும். திரும்பிய பிறகு எறிந்தால் தடுப்பவள் வந்து நிற்பாள். ஆகவே அவள் எறிவது ஆளைப் பார்த்து இல்லை, இடத்தைப் பார்த்து. சீசன் நடுவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஓட்டத்தில் அணியிலேயே வேகமானவள். முதல் மூன்று வாரம் பந்து ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவள் ஆறு அடி வைத்துத் திரும்புவாள், எங்கள் கணக்கில் ஐந்து அடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

என்எஃப்எல்லில் இது இன்னும் பத்து மடங்கு. ஆட்டம் தொடங்கி ஓட ஆரம்பித்த பிறகும் ரிசீவர் முடிவு செய்ய வேண்டிய ரூட்டுகள் (ஓட்டப் பாதைகள்) உண்டு. சேஃப்டி (கடைசியில் நிற்கும் தடுப்பாளர்) நடுவில் நின்றால் வெளியே, இரண்டு பக்கமாகப் பிரிந்தால் உள்ளே என்று ஓடிக்கொண்டே படிக்க வேண்டும். அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதையே படித்திருக்க வேண்டும். ஒருவர் படித்தது தவறினால் அது இன்டர்செப்ஷன், பந்து எதிரணி கைக்குப் போய்விடும். ஆலன் விஷயத்தில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. அவர் பாக்கெட்டை (காப்பாளர்கள் அவரைச் சுற்றி அமைக்கும் இடத்தை) விட்டு ஓட ஆரம்பித்தால் வரைந்த ஆட்டம் முடிந்துவிடும், இரண்டாவது ஆட்டம் தொடங்கும். தூரத்தில் இருப்பவர் திரும்பி வர வேண்டும், பக்கத்தில் இருப்பவர் மேலே ஓட வேண்டும், அவர் ஓடும் பக்கமே எல்லோரும் நகர வேண்டும். ஷாகிருக்கு இது தூக்கத்தில்கூட வரும். புதிதாக வருபவர் எங்கே போவது என்று தேடிக்கொண்டு நிற்பார்.

இப்போது 2019-ஐப் பாருங்கள். அதே அக்டோபரில் இரண்டு மூத்த ரிசீவர்கள் அணி மாறினார்கள். சனு நியூ இங்கிலாந்துக்குப் போய்த் திணறினார். எம்மானுவேல் சாண்டர்ஸ் டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார், பத்து ஆட்டத்தில் 36 கேட்ச், 502 யார்டு, அணி சூப்பர் பவுல் வரை போனது. சாண்டர்ஸுக்கு அப்போது 32 வயது, அதனால் வயது மட்டும் காரணம் இல்லை. டென்வரில் அந்த வருடம் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த ரிச் ஸ்கேன்கரெல்லோ, அதற்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் தலைமைப் பயிற்சியாளர் ஷானஹானின் கீழ் வேலை பார்த்தவர். சாண்டர்ஸ் வேறு ஊருக்குப் போனார், ஆனால் ஹடிலில் (ஆட்டத்துக்கு முன் கூடிப் பேசும்போது) கேட்ட வார்த்தைகள் ஏறக்குறைய பழையவைதான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் மேயர்ஸ் எனக்குப் பிடிக்கிறார். டிராஃப்டில் யாரும் எடுக்காமல் 2019-இல் நியூ இங்கிலாந்தில் சேர்ந்து நான்கு சீசன் ஆடியவர். நம் ஆட்டமுறைக்கு 2018-இல் அடித்தளம் போட்ட பயிற்சியாளர் பிரையன் டேபோலும் அந்த நியூ இங்கிலாந்து வீட்டில் வளர்ந்தவர்தான். அவருக்குப் பின் வந்த கென் டார்சியும் ஜோ பிரேடியும் இங்கே உள்ளுக்குள்ளிருந்தே பொறுப்புக்கு உயர்ந்தவர்கள். பிரேடி நிறைய மாற்றியிருக்கிறார், சரி. வேர் ஒன்றுதான். அதற்கு மேல், மேயர்ஸ் கல்லூரிக்குப் போனபோது குவார்ட்டர்பேக். அங்கேதான் ரிசீவராக மாறினார். எறிபவன் எதைத் தேடுவான் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

ஆகவே என் ஓட்டு "வாங்கலாம்". ஆனால் டெட்லைன் அன்று இல்லை, நாளைக்கே. பை வாரத்தில் வந்தால் கரோலினா ஆட்டத்துக்கு முன் முழுதாகப் பயிற்சி கிடைக்கும். நவம்பர் 4 வரை காத்திருந்தால் இரண்டு ஆட்டமும் இரண்டு வாரப் பயிற்சியும் போய்விடும். விலை குறையட்டும் என்று காத்திருப்பதில் நாம் இழப்பது அந்த நாட்களைத்தான்.

---

ஸ்கார்பரோ_செல்வன்

வணக்கம் அண்ணை. நான் டொராண்டோப் பக்கம் இருந்து எழுதுகிறேன். பஃபலோவில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லை தாண்டி வாறனான். பாலத்தில் வரிசை நின்றால் மூன்று மணித்தியாலம் கூடப் போகும்.

அட்லாண்டா ஆட்டத்தைப் பார்த்த பிறகும் ரிசீவரைப் பற்றிக் கதைக்கிறீர்களே என்பதுதான் என் கவலை. பிஜான் ராபின்சன் அன்று ஓடி எடுத்தது 170 யார்டு. அதில் ஒரு ஓட்டம் மட்டும் 81 யார்டு, டச்டவுன். ஒருவரும் அவரைத் தொடவே இல்லை. எதிர் அணி இப்படி ஓடிக்கொண்டிருந்தால் பந்து எங்கள் கைக்கு வருவதே குறைவு. ஆலன் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்த ரிசீவரும் ஒன்றும் செய்ய ஏலாது.

எங்கள் தடுப்பு வரிசையில் எட் ஆலிவருக்கு ஏற்கெனவே கணுக்கால் காயம் வந்து சில ஆட்டங்கள் போய்விட்டன. மாட் மிலானோவும் காயத்தோடு போராடுகிறார். ஆறு ஆட்டத் தடை முடிந்து மைக்கேல் ஹெக்ட்டும் லாரி ஒகுன்ஜோபியும் இப்போதுதான் வருகிறார்கள். ஓம், அது உதவும். ஆனால் கையில் இருக்கும் பிக்கை நான் என்றால் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் ஒரு பெரிய டிஃபென்சிவ் டாக்கிளுக்குத்தான் கொடுப்பேன். நடுவில் இரண்டு பேரைத் தாங்கிக்கொண்டு நிற்கிற ஆள். பெயர் பெரிதாக இருக்கத் தேவையில்லை.

ஜனவரியில் கான்சாஸ் சிட்டியிடம் நாங்கள் நான்கு முறை தோற்றிருக்கிறோம். எண்ணிப் பாருங்கள், அவர்கள் அந்த நாலு ஆட்டத்தில் எடுத்தது 38, 42, 27, 32. நாங்கள் 36 எடுத்தும் ஒருமுறை தோற்றோம். பதின்மூன்று வினாடி மிச்சம் இருந்த அந்த இரவு எங்களுக்கு ரிசீவர் குறைவாகவா இருந்தது? கேப்ரியல் டேவிஸ் நான்கு டச்டவுன் பிடித்தார்!

---

புது_ரசிகன்_கிளீவ்லாந்து

நான் போன வருடம்தான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சின்னக் கேள்வி. கூப்பர் கிளீவ்லாந்தில் பெரிய சம்பளம் வாங்கியவர் என்று இங்கே சொல்கிறார்கள். அப்படியென்றால் பில்ஸால் எப்படி அவரை வாங்க முடிந்தது? மேயர்ஸுக்கும் அதே வழி இருக்கிறதா?

---

நான்காம்_டவுன்

நல்ல கேள்வி. ஒரு வீரருக்குக் கையெழுத்துப் போடும்போது கொடுக்கிற போனஸ் முழுவதும் பழைய அணியின் சாலரி கேப் (சம்பளத்துக்கான உச்சவரம்பு) கணக்கிலேயே நிற்கும். டிரேடில் போனால் அது அவரோடு வராது. புது அணி கொடுக்க வேண்டியது மிச்சமிருக்கும் அடிப்படைச் சம்பளம் மட்டும். அதுவும் சீசனின் 18 வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, ஆகவே எவ்வளவு தாமதமாக வாங்குகிறோமோ அவ்வளவு குறைவு. கிளீவ்லாந்து கூப்பரின் சம்பளத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே போனஸாக மாற்றிவிட்டிருந்தது. அதனால் நாம் கொடுத்தது ஒரு மில்லியன் டாலருக்கும் குறைவு. பிக்குதான் விலை, பணம் இல்லை.

மேயர்ஸின் சம்பளம் அப்படி மாற்றப்படவில்லை, அதனால் கேப்பில் உண்மையாகவே இடம் வேண்டும். ஆலனுக்கு மார்ச்சில் ஆறு வருடத்துக்கு 330 மில்லியன் ஒப்பந்தம், ஷாகிருக்கு நான்கு வருட நீட்டிப்பு, பாமருக்கு மூன்று வருடம் என்று கொடுத்தபின் நமக்கு அதிக இடம் இல்லை. ரெய்டர்ஸ் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால்தான் சுலபம். அவர்கள் அப்படிச் செய்தால் அதற்குப் பதிலாக நல்ல பிக் கேட்பார்கள்.

மீனா அக்கா சொன்ன மொழி விஷயத்தை நான் யோசிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சாண்டர்ஸ் உதாரணம் சரியானது. ஆனால் அந்த சாண்டர்ஸுக்கு மூன்றாம், நான்காம் சுற்று பிக் இரண்டும் போய், ஐந்தாம் சுற்று ஒன்று திரும்பி வந்தது. சூப்பர் பவுலின் கடைசி இரண்டு நிமிடத்தில் அவர் தனியாக விடுபட்டு ஓடினார், பந்து அவர் தலைக்கு மேலே போனது. அவர் தன் வேலையைச் செய்துவிட்டார். கோப்பை வரவில்லை.

---

ஆர்ச்சர்ட்பார்க்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வேலை முடிந்து வந்து, மகனை உட்காரவைத்து, நியூ இங்கிலாந்து ஆட்டத்தின் மூன்றாம் டவுன்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காகிதத்தில் குறித்தும் வைத்தேன். மீனா சொன்னதை மனதில் வைத்துப் பார்த்ததால் முன்பு தெரியாத ஒன்று தெரிந்தது. கோல்மன் பல இடங்களில் விடுபடாமல் இருப்பது வேகம் இல்லாததால் இல்லை. திரும்பும் இடத்துக்கு வருவதற்கு இரண்டு அடி முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். கார்னருக்கு (எதிரே தடுப்பவருக்கு) அதுவே தந்தி அடித்த மாதிரி. 22 வயதுப் பையன், இரண்டாவது சீசன். அதைச் சொல்லித் திருத்தப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சியாளர் சொல்வது ஒரு பக்கம், அதே அறையில் ஒரு மூத்தவர் தினமும் செய்து காட்டுவது இன்னொரு பக்கம். 1989-இல் ஜேம்ஸ் லாஃப்டன் 33 வயதில் இங்கே வந்தார், இவர் காலம் முடிந்துவிட்டது என்று வேறு அணி வெளியே விட்ட பிறகு. 1991-இல் 35 வயதில் ஆயிரம் யார்டுக்கு மேல் எடுத்தார். ஆண்ட்ரே ரீடுக்கு எதிர்ப்பக்கம் அவர் நின்றதால்தான் ரீடை எல்லோரும் சேர்ந்து அடைக்க முடியவில்லை. எனக்கு மேயர்ஸ் வேண்டும் என்று தோன்றுவது அந்தக் காரணத்துக்கும் சேர்த்துத்தான். யார்டு எத்தனை எடுப்பார் என்பதை மட்டும் வைத்து நான் கேட்கவில்லை.

செல்வன் தம்பி, நீங்கள் சொன்ன நான்கு ஆட்டமும் எனக்கு உடம்பில் தழும்பு மாதிரி இருக்கிறது. உங்கள் கணக்கு தவறு இல்லை. ஆனால் அந்த நான்காவது தோல்வியில் நம் கடைசி முயற்சியை நினைத்துப் பாருங்கள். நான்காம் டவுன், ஐந்து யார்டு வேண்டும், இரண்டு நிமிடம் இருக்கிறது. அவர்கள் வழக்கத்தைவிட அதிகம் பேரை ஆலன் மேல் ஏவிவிட்டார்கள். அப்படி ஏவினால் பின்னால் ஒருவருக்கு ஒருவர்தான். அந்த இடத்தில் இரண்டு வினாடிக்குள் ஐந்து யார்டில் விடுபடத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். ஆலன் பின்னால் சாய்ந்துகொண்டே தூரத்தில் இருந்த கின்கேடுக்கு எறிய வேண்டியதாகிவிட்டது, அவர் கையில் நிற்கவில்லை. கின்கேடை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த எறிதலுக்கு முன்பே விடுபட்டு நின்றிருக்க வேண்டியவர் அன்று நம்மிடம் இல்லை. டாக்கிளும் வேண்டும், இந்த ஆளும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நீங்கள் சொல்வதுதான் முதலில், அதை ஏற்கிறேன்.

ஆகவே என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். மூன்றாம் சுற்று பிக் டாக்கிளுக்கு. மேயர்ஸுக்கு நான்காம் சுற்று, கூடவே கடைசிச் சுற்றுகளில் ஒன்று வேண்டுமானால் கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து மார்ச்சில் அவர் வேறு இடத்துக்குப் போனாலும், அதற்கு ஈடாக ஒரு பிக் 2027-இல் திரும்பி வர வாய்ப்பு உண்டு. மீனா சொன்ன மாதிரி இந்த வாரமே செய்தால் நல்லது. நம் பொது மேலாளர் பிராண்டன் பீன் போன வருடம் அக்டோபர் நடுவிலேயே கூப்பரை வாங்கியவர், காத்திருக்கிற ஆள் இல்லை.

மகனிடம் டிக்ஸைப் பற்றியும் சொன்னேன். அவரைக் கொடுத்ததற்கு ஒரு இரண்டாம் சுற்று பிக் வந்தது, கேப்பில் பெரிய சுமையும் ஏறியது, இரண்டு பக்கமும் பிரிய விரும்பியது என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அவர் நம்மோடு இருந்தபோது நன்றாகத்தானே ஆடினார்?" என்றான். ஆமாம் என்றேன். ஜெர்சியை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறான். தூக்கிப் போடவில்லை.

நவம்பர் 2 கான்சாஸ் சிட்டி இங்கே வருகிறது. இந்த மைதானத்துக்கு இதுதான் கடைசி சீசன், சாலைக்கு எதிரே புதியது எழுந்து நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதே மேல் அடுக்கில் இருப்போம். மூன்றாம் டவுன்களைக் குறிக்க இந்த முறை அவனே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவைத்திருக்கிறான்.

---

ஸ்கார்பரோ_செல்வன்

நானும் அன்று வாறன் அண்ணை. காலையிலேயே பாலம் தாண்டிவிடுவேன். மைதானத்துக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் அடுப்பு வைத்துக் கொத்துரொட்டி போடுவோம், தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் எத்தனை யார்டு ஓடுகிறார்கள் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கோ.

---

ரோசெஸ்டர்_மீனா

இன்னொரு பக்கமும் வேண்டும். ஆலன் பாக்கெட்டை விட்டு வெளியே ஓடும் ஒவ்வொரு முறையும் கோல்மன் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். டிவியில் அது தெரிவதே இல்லை. எங்கள் பெண்களுக்குக் காட்ட எனக்கும் அது தேவை.